உள்ளே போய்விட்டால் பொருந்திவிட்டதா? முதல் கேமிங் கணினிக்குப் பாகங்கள் தேர்வது

கணினியைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவதில் கைவேலை குறைவுதான். ஒரு திருப்புளியும் இரண்டு மூன்று மணி நேரமும் இருந்தால் முடிந்துவிடும். குழப்பம் அதற்கு முன்பே, வாங்கும் பட்டியலை எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. ஏஎம்5, எல்ஜிஏ 1700, பி650, டிடிஆர்5-6000, எம்.2 2280, 12வி-2×6 என்று ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு சங்கேதம். எது எதோடு சேரும் என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

முதல்முறை பூட்டுகிறவர் பொதுவாக அஞ்சுவது, வாங்கிய பாகம் செருகவே முடியாமல் போய்விடுமோ என்றுதான். செருக முடியாத பாகத்தால் பெரிய நஷ்டமில்லை, மாற்றிக்கொள்ளலாம். கச்சிதமாகச் செருகிக்கொண்டு உயிர் பெறாமல் கிடக்கும் பாகம்தான் ஆளைப் படுத்தும். அதையும்விட மோசமான ஒன்று உண்டு: செருகிக்கொண்டு, வேலையும் செய்துகொண்டு, பாதித் திறனில் ஓடுவது. அப்படி ஓடுகிறது என்பதே உரியவருக்கு மாதக்கணக்கில் தெரியாது.

பொருத்தம் என்ற சொல்லுக்குள் நான்கு கேள்விகள்

இரண்டு பாகங்கள் பொருந்துமா என்று கேட்கும்போது உண்மையில் நான்கு கேள்விகளைக் கேட்கிறோம்.

1. வடிவம். துளையும் முனையும் ஒத்துப்போகின்றனவா, நீள அகல உயரத்துக்கு இடம் இருக்கிறதா?
2. மின்சாரம். எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் வருகிறது? எதிர்ப்பக்கம் அதே கம்பியில் அதையேதான் எதிர்பார்க்கிறதா?
3. பயாஸ். மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இந்த ப்ராசஸரை அடையாளம் தெரியுமா?
4. கொள்ளளவு. தேவையான வாட், வெளியேற்ற வேண்டிய வெப்பம், தரவு போகும் தடங்களின் எண்ணிக்கை ஆகியவை போதுமா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே பதில் சொல்லிவிடும். டிடிஆர்4, டிடிஆர்5 ரேம் இரண்டுக்கும் 288 முனைகள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. தவறு நடக்கக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்த வெட்டு அது. மற்ற மூன்று கேள்விகளுக்கு இப்படிப்பட்ட காவல் எல்லா இடத்திலும் கிடையாது. விவரக்குறிப்பைத் தேடிப் படித்தால்தான் விடை கிடைக்கும்.

தேர்வு தொடங்குவது மானிட்டரில்

ப்ராசஸரை முதலில் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். கேமிங் கணினிக்கு அது தலைகீழ் வரிசை.

1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440-இல் 36.9 லட்சம். 3840×2160-இல், அதாவது 4கே-யில், 82.9 லட்சம், முதலாவதைப்போலச் சரியாக நான்கு மடங்கு. கிராபிக்ஸ் கார்டின் சுமை இந்த எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும். ப்ராசஸரின் சுமை அப்படி ஏறாது. எதிரி எந்தப் பக்கம் ஓட வேண்டும், எறிந்த பொருள் எங்கே விழ வேண்டும் என்ற கணக்கெல்லாம் திரை சிறிதானாலும் பெரிதானாலும் ஒன்றுதான். ப்ராசஸரைத் திணறடிப்பது வினாடிக்கு எத்தனை காட்சிச் சட்டங்கள் வேண்டும் என்பது.

வினாடிக்கு 60 சட்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவினாடி அவகாசம். 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2 மட்டுமே. இந்த அவகாசத்துக்குள் ப்ராசஸரும் தன் பங்கை முடிக்க வேண்டும், கிராபிக்ஸ் கார்டும் முடிக்க வேண்டும். யார் தாமதமோ அவர் வேகம்தான் திரையின் வேகம். 'பாட்டில்நெக்' என்று சொல்லப்படுவது இதைத்தான். ஆகவே 1080 திரையில் 240 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 240 சட்டம் காட்டும் திரை) விளையாட்டு வேண்டுபவருக்கும், 4கே திரையில் 60 சட்டம் போதும் என்பவருக்கும் ஒரே ப்ராசஸர்-கார்டு ஜோடி சரிப்படாது. இரண்டு பாகங்களின் பெயரைக் கொடுத்தால் 'இத்தனை சதவீதம் பாட்டில்நெக்' என்று ஒரே எண்ணைத் தரும் இணையக் கணிப்பான்களை நம்ப வேண்டாம். எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

கேபிளையும் இங்கேயே பார்த்துவிடலாம். எச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கே 60 ஹெர்ட்ஸ் வரை போகும். 120 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.4 வேண்டும். மானிட்டர், கார்டு, கேபிள் மூன்றுமே அதற்குத் தகுந்தவையாக இருக்க வேண்டும்.

சாக்கெட்: ஒரே துளை, வேறு உடன்பாடு

ப்ராசஸர் உட்காரும் இடம் சாக்கெட். இன்டெல் ப்ராசஸர் ஏஎம்டி போர்டில் உட்காராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே நிறுவனத்துக்குள், ஒரே பெயருள்ள சாக்கெட்டுக்குள் நடக்கும் கதைதான் சிக்கலானது.

இன்டெல்லின் எல்ஜிஏ 1151 சாக்கெட் 2015-இல் 6-ஆம் தலைமுறையோடு வந்தது. 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறையும் அதே 1151 தொடுமுனைகள் கொண்டதுதான். பழைய 100, 200 வரிசை போர்டுகளில் அது தாராளமாக உட்காரும், ஆனால் இயங்காது. சில முனைகளின் பணி மாற்றப்பட்டுவிட்டது. 300 வரிசை போர்டு வேண்டும் என்றது இன்டெல். பெயரும் எண்ணும் ஒன்று, உடன்பாடு வேறு.

ஏஎம்டியின் ஏஎம்4 இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 2016-இல் வந்த அந்தச் சாக்கெட் 2017-இன் முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை தாங்கியது. இங்கே குறுக்கே நின்றது பயாஸ். பல போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட்தான். எல்லாத் தலைமுறை ப்ராசஸர்களுக்கும் உரிய நிரலை அதற்குள் அடைக்க முடியாததால், புதியதைச் சேர்க்கும்போது சில பழையவற்றை நீக்க வேண்டியிருந்தது. மிகப் பழைய ஏஎம்டி 300 வரிசை போர்டுகளுக்கு ரைசன் 5000 வரிசையின் அதிகாரபூர்வ ஆதரவு 2022-இல்தான் வந்து சேர்ந்தது.

இப்போது புதிதாகப் பூட்டுகிறவர் முன்னே இருப்பவை பெரும்பாலும் இவை:

1. ஏஎம்5: 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசையோடு வந்தது. 8000ஜி, 9000 வரிசைகளும் இதில் அடக்கம். டிடிஆர்5 மட்டும்.
2. எல்ஜிஏ 1700: இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகள். டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டும் சேர்ந்து இயங்காது. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு போர்டுகளில் 'டி4' என்ற பின்னொட்டு மட்டுமே வித்தியாசமாக இருப்பதும் உண்டு.
3. எல்ஜிஏ 1851: 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசையோடு வந்தது. டிடிஆர்5 மட்டும்.

முதல்முறை பூட்டுகிறவர் அதிகம் தடுக்கி விழும் இடம் ஏஎம்5-இலேயே இருக்கிறது. ரைசன் 9000 வரிசை வெளிவந்தது 2024 ஆகஸ்டில். அதற்கு முன்பே தொழிற்சாலையை விட்டு வெளியேறிக் கடையில் தூங்கிக்கொண்டிருந்த பி650 போர்டுக்கு அந்த ப்ராசஸர் யாரென்றே தெரியாது. மின்விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். எந்தப் பாகமும் கெட்டிருக்காது. பயாஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். ஆனால் பயாஸைத் திறக்கவே ஓர் இயங்கும் ப்ராசஸர் வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பல போர்டுகளில் 'பயாஸ் ஃப்ளாஷ்பேக்' பொத்தான் வைத்திருக்கிறார்கள். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் புதிய பயாஸ் கோப்பைப் போட்டு, கையேடு சொல்லும் பெயரை அதற்கு வைத்து, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். போர்டுக்கு மின்சாரம் மட்டும் வந்தால் போதும். ப்ராசஸரோ ரேமோ வேண்டாம். முதல் கணினிக்கு இரண்டு போர்டுகள் சமமாகத் தோன்றினால், இந்தப் பொத்தான் இருப்பதை எடுப்பது நல்லது. வண்ண விளக்கைவிட இது ஆயிரம் மடங்கு உபயோகம்.

சரிபார்க்கும் முறை எளிது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். வாங்கப்போகும் ப்ராசஸரின் முழுப் பெயரை அதில் தேட வேண்டும். பக்கத்திலேயே 'எந்த பயாஸ் பதிப்பிலிருந்து' என்ற எண் இருக்கும். அது முதல் பதிப்பாக இருந்தால் கவலை இல்லை. பிந்தைய எண்ணாக இருந்தால் போர்டு பெட்டியில் ஒட்டியுள்ள பதிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ளாஷ்பேக் பொத்தானை நம்ப வேண்டும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வாங்குவோருக்குப் பயாஸ் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். இவற்றில் பல மாடல்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் நிலைகுலைந்தன. 2024-இல் இன்டெல் அதற்கான திருத்தங்களை வெளியிட்டது. அவை பயாஸ் வழியாகத்தான் வந்து சேரும். திருத்தம் பழுதைத் தடுக்கும், ஏற்கெனவே பழுதானதைச் சீராக்காது. அதனால் இவற்றைப் பூட்டிய முதல் நாளே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பயன்படுத்தியதை விலைக்கு வாங்குவோர் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் ஒட்டிய எழுத்து

இன்டெல் பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. 'கே' இருந்தால் வேகத்தை உயர்த்தலாம். ஏஎம்டியின் 5000 வரிசையில் 'ஜி' இருந்தால்தான் படம் வரும். 7000, 9000 வரிசைகளில் 'எஃப்' இல்லாத பெரும்பாலானவற்றில் ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி உண்டு. 'எக்ஸ்3டி' என்றால் மேலதிக கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், அடுக்கியது. ரைசன் 7 7800எக்ஸ்3டி-இல் 96 மெகாபைட் எல்3 கேஷ் இருக்கிறது; விளையாட்டுகளில் அதன் பலன் தெளிவாகவே தெரியும்.

தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவருக்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் எதற்கு? விளையாடுவதற்கு அல்ல, பழுது பார்ப்பதற்கு. திரை கறுத்துக் கிடக்கும்போது கார்டைக் கழற்றிவிட்டு, போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகிப் பார்க்கலாம். படம் வந்தால் கோளாறு கார்டின் பக்கம். 'எஃப்' ப்ராசஸரில் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

சிப்செட்

போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்தான் சிப்செட். அதன் பெயர் போர்டின் தரவரிசையைச் சொல்கிறது. இன்டெல் பக்கம் எச்610-இல் இரண்டு ரேம் துளைகள்தான், ரேமின் வேகத்தை உயர்த்தவும் வழியில்லை. பி760-இல் ரேம் வேகத்தை உயர்த்தலாம், ப்ராசஸர் வேகத்தை உயர்த்த முடியாது. இசட்790-இல் இரண்டும் முடியும். 'கே' ப்ராசஸரைப் பி760-இல் போட்டால் இயங்கும், அந்த எழுத்துக்குக் கொடுத்த பணம் மட்டும் வீண். ஏஎம்டி பக்கம் பி650-இலேயே இரண்டும் முடியும். ஏ620-இல் ப்ராசஸர் வேகத்தை உயர்த்த முடியாது. முதல் கணினிக்குப் பி வரிசையே போதும். அதிக வாட் இழுக்கும் ப்ராசஸராக இருந்தால் மட்டும், அதற்கு மின்சாரம் பிரித்துத் தரும் பகுதியின் மேல் உலோக வெப்பக்கடத்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரேம்: பெட்டியில் 6000, உள்ளே 4800

பாதித் திறனில் ஓடும் கணினிகளை எண்ணினால், அவற்றில் பெரும்பங்குக்கு ரேம்தான் காரணமாக இருக்கும்.

டிடிஆர்5-6000 என்றால் வினாடிக்கு 600 கோடி பரிமாற்றங்கள். ஆனால் அது ரேமின் இயல்பு வேகம் அன்று, தயாரிப்பாளர் சோதித்து உறுதி சொன்ன உயர்வேகம். போர்டில் செருகியதும் பெரும்பாலும் 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் எழும். பயாஸுக்குள் போய் இன்டெல் போர்டானால் எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டானால் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். அதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

மற்றவை:

1. ஒரே 32 ஜிபி ரேமைவிட இரண்டு 16 ஜிபி மேல். ஒன்று மட்டும் போட்டால் ப்ராசஸருக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதையில் பாதி மூடிக்கிடக்கும்.
2. நான்கு துளைகளில் இரண்டை மட்டும் நிரப்பும்போது, பொதுவாக ப்ராசஸரிலிருந்து எண்ணினால் 2-ஆவதும் 4-ஆவதும். அடுத்தடுத்த இரண்டில் செருகினால் மேலே சொன்ன பாதியே கதி. போர்டு கையேட்டில் படம் இருக்கும்.
3. டிடிஆர்5-இல் நான்கு துளைகளையும் நிரப்பினால் வேகம் விழும். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ரேமுக்கு 5200 வரை உறுதி தரும் ஏஎம்டி, நான்குக்கு 3600 வரைதான் தருகிறது. 'இப்போது இரண்டு, பிறகு இரண்டு' என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தோடு போயிற்று. வேண்டிய அளவை முதலிலேயே ஒரே பெட்டியில் இரண்டாக வாங்கிவிட வேண்டும்.
4. ஒரே பெயரும் எண்ணும் இருந்தாலும் தனித்தனியாக வாங்கிய இரண்டு பெட்டி ரேம்களைக் கலப்பது சூதாட்டம். உள்ளே சிப்புகள் வேறு வேறாக இருக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு: தடங்களும் வாட்டும்

கார்டு போர்டோடு பேசும் இணைப்பின் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். அதில் எந்தத் தலைமுறைக் கார்டும் எந்தத் தலைமுறைத் துளையிலும் இயங்கும். மெதுவான பக்கத்தின் வேகத்துக்கு இரண்டும் இறங்கிக்கொள்ளும். 16 தடக் கார்டுக்கு ஒரு தலைமுறை இறங்குவது பெரிய இழப்பில்லை. தடங்கள் குறைந்த கார்டுகளில்தான் சிக்கல். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு நான்கே தடங்கள். 4-ஆம் தலைமுறைப் போர்டில் ஒருவாறு ஓடிய அது, 3-ஆம் தலைமுறைப் போர்டில் நொண்டியது. கார்டில் 4 ஜிபி நினைவகமே இருந்ததால் நிரம்பிவழிந்த தரவெல்லாம் அந்தக் குறுகிய பாதையில்தான் போய்வர வேண்டியிருந்தது. பழைய போர்டை மேம்படுத்த மலிவான கார்டு தேடியவர்களே அதை அதிகம் வாங்கக்கூடியவர்கள் என்பதுதான் வேடிக்கை. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 8 தடங்கள். அதைப் பழைய போர்டில் பொருத்துவோரும் இதை மனத்தில் வைக்கலாம்.

போர்டில் நீளமான துளைகள் இரண்டு இருந்தால் ப்ராசஸருக்கு அருகிலுள்ளதே கார்டுக்கு. கீழேயுள்ளது நீளத்தில் 16-ஆகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு தடங்களுக்கே கம்பி ஓடியிருக்கலாம். இன்டெல் ஆர்க் கார்டு வாங்கினால், கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே வீச்சில் அணுக விடும் 'ரீசைஸபிள் பார்' வசதியைப் பயாஸில் இயக்க வேண்டும். அது இல்லாத பழைய போர்டில் ஆர்க் கார்டு பரிதாபமாக ஓடும்.

மின்சாரக் கணக்கு: துளை வழியாக 75 வாட், 6 முனை இணைப்பி 75, 8 முனை இணைப்பி 150, புதிய 16 முனை இணைப்பி 600 வரை. இந்தக் கடைசி இணைப்பிதான் செய்தியில் அடிபட்டது. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் அது உருகியது. முழுமையாகச் செருகாததே காரணம் என்றது என்விடியா. பின்னர் வந்த 12வி-2×6 திருத்தத்தில் மின்முனைகளைச் சற்று நீளமாகவும், உணர்முனைகளைச் சற்றுக் குட்டையாகவும் ஆக்கினார்கள். சரியாக உட்காராத இணைப்பியில் உணர்முனை தொடாது, கார்டும் மின்சாரம் இழுக்காது. எந்தப் பதிப்பானாலும் இடைவெளி தெரியாத வரை அழுத்திச் செருக வேண்டும். இணைப்பியை ஒட்டியே கேபிளை மடக்கக் கூடாது.

பவர் சப்ளை: கெட்டால் தனியாகப் போகாது

பட்டியலில் பணம் மிச்சம் பிடிக்கப் பலரும் கைவைப்பது இங்கேதான். இதற்கு மேல் தவறான இடம் இல்லை.

வெள்ளி, தங்கம் என்ற 80 பிளஸ் முத்திரை திறமைக் கணக்கை மட்டுமே சொல்கிறது. கணினிக்கு 400 வாட் தேவைப்படும்போது 90 சதவீதத் திறனுள்ள சப்ளை சுவரிலிருந்து 444 வாட் எடுக்கும். 85 சதவீதத் திறனுள்ளது 471 எடுக்கும். மீதி வெப்பமாகப் போகும். அவ்வளவுதான் அந்த முத்திரையின் பேச்சு. மிகைமின்னோட்டம் வந்தால் தன்னை நிறுத்திக்கொள்ளுமா, பெட்டியில் எழுதிய வாட்டைத் தொடர்ந்து தருமா என்பதற்கெல்லாம் அது பொறுப்பேற்காது. பாகங்களைப் பிரித்துச் சோதிக்கும் மதிப்புரைகளையும் உத்தரவாதக் காலத்தையும்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை வாட்? சராசரித் தேவையை மட்டும் கூட்டினால் போதாது. கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைப்பதற்கும் குறைவான நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டித் துள்ளும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதற்காகவே, 100 மைக்ரோவினாடி நேரத்துக்கு இருமடங்குச் சுமை வரை தாங்க வேண்டும் என்கிறது. விளையாட்டின் நடுவே உச்சக் காட்சியில் கணினி திடீரென்று அணைந்து மறுபடி எழுந்தால் முதல் சந்தேகம் இந்தத் துள்ளலின் மேல்தான்.

இன்னும் ஓர் ஆபத்து, செருகியும் எடுத்தும் மாற்றக்கூடிய மாடுலர் கேபிள்களில் இருக்கிறது. கேபிளின் பாகத்துப் பக்க முனைக்கு உலகப் பொது வரையறை உண்டு. சப்ளைப் பக்க முனைக்குக் கிடையாது. ஒரு நிறுவனத்தின் கேபிள் மற்றொன்றின் சப்ளையில் அழகாகச் செருகிக்கொள்ளும். 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வரும். சேமித்து வைத்த எல்லாவற்றோடும் டிஸ்க் ஒரே நொடியில் போய்விடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் இது மாறலாம். சப்ளையை மாற்றினால் பழைய கேபிள் ஒன்றைக்கூட உள்ளே விட்டுவைக்கக் கூடாது.

ப்ராசஸருக்கு வரும் 8 முனைக் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் 8 முனைக் கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியவை. முந்தையது 4+4 ஆகவும் பிந்தையது 6+2 ஆகவும் பிரியும். தவறாகச் செருகினால் வடிவமே தடுக்கும், பலத்தைக் காட்டாதவரை.

கூலரும் கேபினட்டும்: டேப்பை எடுக்கும் நேரம்

பெட்டியில் போட்டிருக்கும் டிடிபி எண்ணை (ப்ராசஸரின் வெப்பத்தை வாட்டில் சொல்லும் அளவு) அப்படியே நம்பி கூலர் வாங்கக் கூடாது. 105 வாட் என்று குறித்த ரைசன் 7 7700எக்ஸ் 142 வாட் வரை இழுக்கலாம். 125 வாட் என்ற கோர் ஐ9-13900கே-யின் உச்ச அளவு 253 வாட். கூலர் சமாளிக்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணை.

பழைய கூலரைப் புதுப் போர்டுக்குக் கொண்டுவருவோர் கவனிக்க வேண்டியது: ஏஎம்4, ஏஎம்5 துளைகளின் இடைவெளி ஒன்றுதான், ஆனால் ஏஎம்5-இன் பின்தகடு கழற்ற முடியாதது. தன் பின்தகட்டோடு வரும் கூலர்களுக்குப் புதிய பொருத்துக் கருவி தேவைப்படும். இன்டெல்லில் 1200 வரை 75 மி.மீ. இருந்த துளை இடைவெளி 1700-இலிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது.

போர்டு அளவுகள்: ஏடிஎக்ஸ் 305×244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244×244, மினி ஐடிஎக்ஸ் 170×170. பெரிய கேபினட்டில் சிறிய போர்டு உட்காரும், மறுதலையாக நடக்காது. போர்டின் துளைகளுக்கு நேரே மட்டும்தான் தாங்குதிருகுகள் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் முதுகில் ஷார்ட் ஆகும்.

கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டையும் கேபினட்டின் அனுமதியோடு ஒப்பிட வேண்டும். திரவக் கூலரின் ரேடியேட்டரை முன்பக்கம் வைத்தால் ரேடியேட்டருக்கு 27, விசிறிக்கு 25 என்று 52 மி.மீ. போய்விடும். கேபினட்டின் நீள அனுமதி முன்விசிறியைக் கழித்துச் சொன்னதா, கழிக்காமல் சொன்னதா என்று அடிக்குறிப்பில் பார்க்க வேண்டும். பெரிய காற்றுக் கூலர் ரேமின் மேல் கவியும். மேலே உயரமான உலோகக் கொம்பு வைத்த ரேம் அதற்குக் கீழே நுழையாது.

எஸ்எஸ்டியும் சில்லறை இணைப்பிகளும்

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அதே வடிவத்தில் மெதுவான பழைய சாட்டா வகையும் வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. துளை எதை ஏற்கும் என்று கையேட்டில் பார்க்க வேண்டும். சில போர்டுகளில் ஓர் எம்.2 துளையை நிரப்பினால் இரண்டு சாட்டா துளைகள் செத்துவிடும். வினாடிக்கு 550 மெகாபைட் தரும் சாட்டாவிலிருந்து 3,500 தரும் என்விஎம்இ-க்கு மாறினால் வித்தியாசம் தெரியும். அதிலிருந்து 7,000-க்குப் போவது விளையாட்டில் கண்ணுக்குத் தெரிவது அரிது.

வண்ண விளக்குகளில் 3 முனை 5 வோல்ட் வகை, 4 முனை 12 வோல்ட் வகை என இரண்டு. முதலாவதை இரண்டாவதில் மாட்டினால் விளக்குகள் கருகும். கேபினட்டின் முன்னால் யுஎஸ்பி-சி துளை இருந்தால், அதற்குரிய இணைப்பி போர்டில் உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

ஒரு பட்டியலைச் சோதித்துப் பார்ப்போம்

1440 மானிட்டர், ஆர்டிஎக்ஸ் 4070, ரைசன் 5 9600எக்ஸ், பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்5-6000 இரண்டு 16 ஜிபி, 650 வாட் சப்ளை என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. சாக்கெட்: இரண்டும் ஏஎம்5. சரி.
2. பயாஸ்: 9000 வரிசை, ஆனால் போர்டு அதற்கு முந்தைய தலைமுறை. ஆதரவுப் பட்டியல் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தால் நிம்மதி.
3. ரேம்: டிடிஆர்5, இரண்டு. எக்ஸ்போ ஆதரவுள்ளதாக இருக்க வேண்டும்.
4. வாட்: ப்ராசஸர் உச்சம் 88, கார்டு 200, மற்றவைக்குத் தாராளமாக 70. மொத்தம் சுமார் 360. கார்டு இருமடங்கு துள்ளினாலும் 560-க்குள் நிற்கும். 650 போதும்.
5. கூலர்: 9600எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது.
6. எஸ்எஸ்டியும் கேபினட்டும்கூட இல்லை. 4070 பல நிறுவனங்களிடமிருந்து பல நீளங்களில் வருவதால், எந்த மாடல் என்று முடிவான பிறகே கேபினட்டை முடிவு செய்ய முடியும்.
7. இயங்குதளம்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு இந்த ப்ராசஸரிலேயே உண்டு. பழைய ப்ராசஸர் வாங்குவோர் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கோ ரைசன் 2000 வரிசைக்கோ கீழே போனால் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ ஆதரவு பொதுவாகக் கிடைக்காது.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது

எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாக இருக்கும் ஒரு தருணம் உண்டு. டிடிஆர்5 போர்டு முதன்முறை எழும்போது ரேமைப் பலவிதமாகச் சோதித்து, அதற்கேற்ற நேர அளவுகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இதற்குப் பல நிமிடங்கள்கூட ஆகலாம், முக்கியமாக ஏஎம்5-இல். அவசரப்பட்டு அணைத்தால் சோதனை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போர்டில் பிழைகாட்டும் சிறு விளக்குகள் இருந்தால் 'டிராம்' என்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கால் மணி நேரமாவது விட்டுவைக்கலாம்.

படம் வந்ததும் மானிட்டர் கேபிள் போர்டின் துளையில் இல்லை, கிராபிக்ஸ் கார்டின் துளையில்தான் இருக்கிறது என்று ஒருமுறை பின்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பயாஸ் புதுப்பிப்பு, அதன்பின் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி. அதை இயக்கிய பின் விளையாட்டு இடையிடையே நின்றால் ரேமைத் திருப்பித் தர ஓடுவதற்கு முன், 6000-ஐ 5600-க்கு இறக்கி ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம்.